நாயின் புண்ணும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவும்



உங்களில் பலர் வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பீர்கள். அது நோயுற்றுச் சுருண்டு படுத்துவிட்டால் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அந்த நேரத்தில் அன்பின் மிகுதியால் நாம் செய்யும் ஒரு சிறு தவறு, அந்தப் பிராணிக்கும் நமக்கும் எவ்வளவு பெரிய தொல்லையாக முடியும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். தவறு செய்தவன் வேறு யாருமல்லன். இதை எழுதும் நானேதான்.

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் அதன் அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும் சிறு சிறு சீழ்க் கொப்புளங்கள் தோன்றின. முடி வட்ட வட்டமாகக் கொட்டியது. இரவு முழுவதும் சொறிந்துகொண்டே இருந்தது. என் பல்வலிக்காக வாங்கியதில் மீந்துபோன அமாக்ஸிசிலின் மாத்திரைகள் அலமாரியில் இருந்தன. 'மனிதனுக்குக் கேட்பது நாய்க்கும் கேட்காதா?' என்று எண்ணி, ஒரு குத்துமதிப்பாக உடைத்துச் சோற்றில் வைத்துக் கொடுத்தேன். புண் ஓரளவு ஆறியது. மூன்று வாரத்தில் மறுபடியும் வந்தது. மருந்துக் கடையில் கேட்டு வேறொரு மாத்திரை கொடுத்தேன். மறுபடியும் ஆறியது, மறுபடியும் வந்தது. நான்காம் முறை எந்த மாத்திரைக்கும் அது அசையவில்லை. அண்டை வீட்டார், "சார், இது தொற்றிக்கொள்ளும் நோய். எங்காவது தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்றனர். என் மகள் அன்று பள்ளிக்கூடம் போகாமல் மணியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகே கால்நடை மருத்துவரிடம் சென்றேன். முதலில் போயிருக்க வேண்டிய இடத்துக்குக் கடைசியில் போனேன்!

நோய் செய்தவர் யார்?

மருத்துவர் உடனே மருந்து எழுதவில்லை. ஒரு கண்ணாடிச் சில்லைக் கொப்புளத்தின்மேல் மெல்ல அழுத்தி எடுத்தார். அதற்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். இரத்த வெள்ளணுக்களும், அவற்றின் உள்ளேயும் வெளியேயும் திராட்சைக் கொத்துப்போல் உருண்டைப் பாக்டீரியாக்களும் தெரிந்தன.

நாயின் தோலில் இவ்வாறு புண் உண்டாக்குவதில் முதலிடம் வகிப்பது ஸ்டஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்னும் பாக்டீரியா. தனி இனம் என்று 2005-ஆம் ஆண்டில்தான் இதற்குப் பெயர் சூட்டப்பட்டது. இது வெளியிலிருந்து படையெடுத்து வரும் பகைவன் அல்ல. நல்ல உடல்நலத்துடன் இருக்கும் நாயின் மூக்கிலும் வாயிலும் தோலிலும் எப்போதும் குடியிருப்பதுதான். தோல் கெட்டுப்போகும்போது மட்டுமே நோய் செய்கிறது. ஆகவே, 'தோல் ஏன் கெட்டது?' என்பதும் நாம் கேட்க வேண்டிய கேள்வியாகும். அதற்குப் பின்னால் வருவோம்.

சைக்கிள் சக்கரமும் பாக்டீரியாவும்

பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் பாக்டீரியாவை எப்படிக் கொல்லுகின்றன? இங்கே இயற்பியல் நமக்குக் கைகொடுக்கிறது.

சைக்கிள் சக்கரத்தில் உள்ளே மெல்லிய ட்யூப், வெளியே கெட்டியான டயர் இருக்கின்றன அல்லவா? டயர் இல்லாமல் ட்யூபில் மட்டும் காற்றடித்தால் அது உப்பி வெடித்துவிடும். பாக்டீரியாவும் இத்தகைய அமைப்புத்தான். அதன் செல்லுக்குள் பல பொருள்கள் செறிவாகக் கரைந்துள்ளன. எனவே சவ்வூடு பரவலால் நீர் உள்ளே புகுந்து அழுத்தம் கொடுக்கிறது. ஸ்டஃபிலோகாக்கஸ் செல்லுக்குள் இந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு இருக்கும். மெல்லிய சவ்வு இதைத் தாங்காது. அதைச் சுற்றியுள்ள செல்சுவரே தாங்குகிறது.

பாக்டீரியா வளரும்போது சுவரையும் இடைவிடாமல் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையைச் சில புரதங்கள் கொத்தனாரைப் போலச் செய்கின்றன. பெனிசிலின் மூலக்கூறு பார்வைக்குச் செங்கல்லைப் போலவே இருக்கும் ஒரு போலிச் செங்கல். கொத்தனார் அதைக் கையில் எடுத்தால் அது கையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு வேறு கல்லை எடுக்க முடியாது. சுவர் வேலை நின்றுவிடும். உள்ளழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடித்துச் சாகும். நம் உடற்செல்களுக்கோ நாயின் செல்களுக்கோ இத்தகைய சுவர் இல்லாததால் மருந்து அவற்றை இந்த வழியில் தாக்குவதில்லை.

எதிர்ப்பாற்றல் என்றால் என்ன?

பாக்டீரியாக்கள் இதற்கு மாற்று வழிகள் வைத்திருக்கின்றன. மருந்தையே உடைத்தெறியும் நொதியைச் சுரப்பது ஒரு வழி. பெனிசிலினை அழிக்கும் இத்தகைய நொதியை ஆபிரகாம், செயின் என்னும் அறிஞர்கள் 1940-லேயே கண்டறிந்துவிட்டனர். பெனிசிலின் பொதுமக்களுக்குக் கிடைக்கத் தொடங்கியதற்கு முன்பே இது நடந்தது என்பதைக் கவனியுங்கள்! உள்ளே வந்த மருந்தை இறைத்து வெளியே தள்ளுவது இரண்டாவது வழி. மருந்து நுழையும் வாயிலைக் குறுக்கிக்கொள்வது மூன்றாவது. மருந்து பற்றும் இலக்கையே மாற்றிக்கொள்வது நான்காவது.

அந்த நொதியால் உடைக்க முடியாதபடி மெத்திசிலின் என்னும் மருந்தை 1959-இல் உருவாக்கினர். இரண்டே ஆண்டுகளில், 1961-இல், அதற்கும் அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் இங்கிலாந்தில் காணப்பட்டது. அது கையாண்டது நான்காவது வழி. போலிச் செங்கல்லை ஏறெடுத்தும் பாராத புதிய கொத்தனார் ஒருவரை அது அமர்த்திக்கொண்டது. இந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவுக்கு மெக்-ஏ என்று பெயர். இதே மரபணுவைப் பெற்ற சூடின்டர்மீடியஸ் பாக்டீரியாக்கள்தாம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல நாடுகளில் நாய்களின் தோலிலும், சிறுபான்மை பூனைகளிடத்தும் பரவி வருகின்றன. மெக்-ஏ உள்ள பாக்டீரியாவிடம் அமாக்ஸிசிலின், செபாலெக்ஸின் போன்ற வழக்கமான மாத்திரைகள் செல்லா.

மருந்தா கற்றுக்கொடுக்கிறது?

'மருந்தைப் பார்த்துப் பார்த்துப் பாக்டீரியா பழகிக்கொள்கிறது' என்று பலர் கூறுவர். உண்மை அதுவல்ல. இதை நிலைநாட்டியவர்களுள் ஒருவர் இயற்பியல் படித்தவர் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு. அவர் மாக்ஸ் டெல்புரூக். அவருடன் சேர்ந்து ஆராய்ந்தவர் சால்வடோர் லூரியா. ஆண்டு 1943. நடன விருந்து ஒன்றில் காசு போட்டு விளையாடும் சூதாட்டப் பொறியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது லூரியாவுக்கு இந்தச் சோதனையின் எண்ணம் உதித்தது. அந்தப் பொறி பல முறை ஒன்றும் தராது. எப்போதாவது காசைக் கொட்டும்.

பல குழாய்களில் தனித்தனியாகப் பாக்டீரியாக்களை வளர்த்தனர். பிறகு ஒவ்வொன்றையும் பாக்டீரியாவைக் கொல்லும் வைரசுடன் கலந்து தட்டுகளில் பரப்பினர். வைரசைக் கண்ட பிறகுதான் எதிர்ப்பாற்றல் பிறக்கிறது என்றால், எல்லாத் தட்டுகளிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் பாக்டீரியாக்கள் பிழைத்திருக்க வேண்டும். ஆனால் சில தட்டுகளில் ஒன்றுமே இல்லை. சிலவற்றில் மிகப் பல! அப்படியானால், வைரசைச் சந்திக்கும் முன்பே, குழாயில் வளரும்போதே, தற்செயலாகத் திடீர் மாற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும். முன்னதாக நிகழ்ந்த குழாயில் பெரிய குடும்பம். பின்னதாக நிகழ்ந்ததில் சிறிய குடும்பம். 1952-இல் லெடர்பெர்க் தம்பதியர் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துக்கும் இதுவே உண்மை என்று காட்டினர்.

ஆகவே மருந்து எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொடுப்பதில்லை. ஏற்கெனவே உள்ளதைப் பொறுக்கி எடுக்கிறது. சிறு கணக்கு ஒன்று போடுவோம். புண்ணில் 10 கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாகவும், அவற்றுள் 10 மட்டும் மருந்துக்கு அடங்காதவை என்றும் கொள்வோம். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட்டது. மீந்த 10-உம் மணிக்கு ஒரு முறை இரட்டித்தால் 24 மணி நேரத்தில் எத்தனை ஆகும்? 10-ஐ 2-ஆல் 24 முறை பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 16.8 கோடி! இப்போது எல்லாமே அடங்காதவை. நல்லவேளையாக உடலின் வெள்ளணுக்கள் சும்மா இருப்பதில்லை. ஆனால் தோல் ஓயாமல் சொறியப்பட்டுக் கெட்டுக்கொண்டே இருந்தால் அவற்றாலும் சமாளிக்க இயலாது.

மெக்-ஏ போன்ற மரபணுக்கள் இன்னொரு வழியிலும் வருகின்றன. ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏ. துண்டு வேறொரு பாக்டீரியாவுக்குக் கைமாறுகிறது. அவ்வாறு பெற்ற பாக்டீரியா ஒரு நாயிடமிருந்து மற்றொரு நாய்க்குத் தொற்றுகிறது. மணியின் உடலுக்கு அது எப்படி வந்தது என்று என்னால் கூற முடியாது. ஆனால் வந்ததற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தவன் நான். நிலத்திலுள்ள மற்றச் செடிகளையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டால் சீமைக் கருவேலம் மட்டும் செழித்துப் படர்வதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? நான் மாற்றி மாற்றிக் கொடுத்த மாத்திரைகள் அந்த வேலையைத்தான் செய்தன.

வளையம் சொல்லும் செய்தி

மருத்துவர் புண்ணின் சீழைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே செய்யப்பட்டது 1966-இல் பாவர், கெர்பி முதலியோர் செம்மைப்படுத்திய வட்டுச் சோதனை.

தட்டில் 4 மி.மீ. தடிமனுக்கு அகார்க் கூழை உறைய வைத்து, அதன்மேல் பாக்டீரியாவைச் சீராகப் பூசுவர். 6 மி.மீ. விட்டமுள்ள காகித வட்டுகளை, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து ஏற்றி, மேலே வைப்பர். ஏறத்தாழ 35 டிகிரி செல்சியசில் 16 முதல் 18 மணி நேரம் வைத்தெடுத்தால், வேலை செய்யும் மருந்தைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிந்த வளையம் தோன்றும்.

இதில் நடப்பது ஓர் ஓட்டப் பந்தயம். மருந்து விரவல் முறையில் வட்டிலிருந்து வெளியே செல்கிறது. செல்லச் செல்ல அதன் செறிவு குறைகிறது. அதே நேரத்தில் பாக்டீரியா பெருகிக்கொண்டிருக்கிறது. ஓரிடத்தில் பாக்டீரியா அடர்ந்து பெருகிவிடுமுன் போதிய செறிவுள்ள மருந்து அங்கே வந்து சேர வேண்டும். அப்படி வந்து சேரும் கடைசி எல்லையே வளையத்தின் விளிம்பு. கூழின் தடிமன் கூடினால் மருந்து கீழ்நோக்கியும் மிகுதியாகப் பரவி வளையம் சிறுத்துவிடும். ஆதலால்தான் 4 மி.மீ. என்று கண்டிப்பாக விதித்துள்ளனர். வளையத்தின் அளவு மருந்துக்கு மருந்து வேறுபடும். ஒவ்வொன்றுக்கும் உரிய அட்டவணையுடன் ஒப்பிட்டே முடிவு கூற வேண்டும். பெரிய வளையம் உள்ளதே சிறந்த மருந்து என்று எண்ணிவிடக் கூடாது.

மணியின் தட்டில் மூன்றே வட்டுகளைச் சுற்றி வளையம் இருந்தது. ஒன்று சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடிய ஊசி மருந்து. மற்ற இரண்டும் உயிருக்குப் போராடும் மனிதர்களுக்கெனப் பாதுகாக்க வேண்டியவை. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய மருந்துகள் சிலவற்றை, எடுத்துக்காட்டாகக் கார்பபெனம், வான்கோமைசின் வகைகளை, விலங்குகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2022-இல் விதியே இயற்றியது. அதற்குக் காரணம் உண்டு. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் மனிதர்கள் இறந்ததாக அறிஞர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

மாத்திரை இல்லாமல் மருத்துவம்

தாளைப் படித்ததும் என் முகம் வாடியது. மருத்துவர் சிரித்தார். "மருந்துக்கு அடங்காதது என்றால் கொடியது என்று பொருளல்ல. சாதாரணப் பாக்டீரியா செய்யும் அதே புண்ணைத்தான் இதுவும் செய்கிறது. நம் மருந்துப் பெட்டிதான் சிறுத்துவிட்டது. புண் தோலின் மேற்புறத்தில்தானே இருக்கிறது? மேலேயே அடிப்போம்" என்றார்.

அவர் எழுதிக் கொடுத்தது குளோர்ஹெக்சிடின் கலந்த குளிப்பு மருந்து. வாரத்துக்கு மூன்று முறை நுரை வரத் தேய்த்து, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் ஊறவைத்து, பிறகு கழுவ வேண்டும். இது எப்படி வேலை செய்யும்? கணக்கைப் பாருங்கள். மாத்திரையாக விழுங்கிய மருந்து இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராமோ, சில பத்து மைக்ரோகிராமோதான் இருக்கும். 2 விழுக்காடு குளோர்ஹெக்சிடினில் ஒரு மில்லிலிட்டருக்கு 20,000 மைக்ரோகிராம்! மேலும், அது கொத்தனாரின் பக்கமே போவதில்லை, சவ்வையே சிதைக்கிறது. ஆகவே மெக்-ஏ அங்கே உதவாது.

அடுத்து, நாம் தள்ளிவைத்த கேள்வி: தோல் ஏன் கெட்டது? மருத்துவர் மணியின் வால் அடியில் சீப்பால் வாரி, உதிர்ந்த கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டினார். தூள் செந்நிறமாகக் கரைந்தது. அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். அதாவது செரித்த இரத்தம். பூச்சிக் கடி, அதனால் சொறிதல், அதனால் கெட்ட தோல், அதில் பாக்டீரியா. வேரை விட்டுவிட்டு நான் கிளையை வெட்டிக்கொண்டிருந்தேன்! பூச்சிக்கு மருந்து போட்டோம். படுக்கையை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைத்தோம். ஐந்தாம் வாரம் மணியின் வயிற்றில் புதுமுடி அரும்பியது. ஒரு மாத்திரைகூடக் கொடுக்கவில்லை.

புண் ஆறிய பின்னும் அடங்காத பாக்டீரியா நாயின் மூக்கிலும் வாயிலும் சில மாதங்கள் தங்கியிருக்கலாம். அதற்காக நாயைத் துரத்த வேண்டியதில்லை. நாயின் இந்தப் பாக்டீரியா மனிதருக்கு நோய் தருவது அரிது. சோப்பிட்டுக் கை கழுவுதல், நம் உடம்பிலுள்ள காயத்தை நக்கவிடாதிருத்தல், முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சாதிருத்தல் ஆகியவை போதும். வீட்டில் நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லும்போது, 'இதற்கு முன் இத்தகைய தொற்று இருந்தது' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது மற்றப் பிராணிகளுக்கு நாம் செய்யும் உதவி.

பூனை வளர்ப்போருக்கு

பூனைகளுக்குச் சளியும் தும்மலும் பெரும்பாலும் வைரசால் தொடங்குகின்றன. வைரசுக்குச் செல்சுவரே இல்லை. பெனிசிலின் அதை என்ன செய்யும்? இளம் பூனைகள் சிறுநீர் கழிக்க முக்குவதற்கும் பெரும்பாலும் பாக்டீரியா காரணமில்லை. ஆனால் ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் அது அடைப்பு. ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம். உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். சண்டையில் கடிபட்டுச் சீழ்க்கட்டி வந்தால், கட்டியைத் திறந்து சீழை வெளியேற்றுவதே முதல் மருத்துவம். தேங்கிய சீழுக்குள் மருந்து சரியாகச் செல்லாது.

மனித மருந்தைப் பூனைக்குக் கொடுப்பது கொலைக்குச் சமம். பாரசிட்டமால் அரை மாத்திரைகூடப் பூனையைக் கொல்லக்கூடும். அதை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதிய அளவு இல்லை. என்ரோஃப்ளாக்சசின் அளவு மீறினால் பூனையின் கண்பார்வை போய்விடும். நாய்க்கான பெர்மெத்ரின் பூச்சி மருந்தும், பினாயிலும் பூனைக்கு நஞ்சு.

நினைவில் கொள்ளுங்கள்

1. மீந்த மாத்திரையை எந்தப் பிராணிக்கும் கொடுக்காதீர்கள்.
2. மருத்துவர் சொன்ன அளவையும் நாளையும் நீங்களாகக் குறைக்கவும் வேண்டா, நீட்டவும் வேண்டா. சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இப்போது 3 முதல் 5 நாளே போதும் என்கின்றனர்.
3. ஒரு முறை கேட்காத நோய்க்கு இன்னொரு மாத்திரை தேடாமல், சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.
4. நோய் திரும்பத் திரும்ப வந்தால் அதன் வேரைத் தேடுங்கள்.

செய்து பாருங்கள்

கடையில் கிடைக்கும் கடற்பாசியை நீரில் காய்ச்சி, இரண்டு தட்டுகளில், ஒன்றில் மெல்லியதாகவும் மற்றொன்றில் மும்மடங்கு தடிமனாகவும் ஊற்றி உறைய வையுங்கள். காகிதத்தில் துளையிடும் கருவியால் வட்டுகள் வெட்டி, எழுதும் மையில் நனைத்து, நடுவில் வையுங்கள். 1 மணி, 4 மணி, 9 மணி நேரம் கழித்து, வட்டின் விளிம்பிலிருந்து நிறம் எவ்வளவு தொலைவு சென்றுள்ளது என்று அளந்து எழுதுங்கள். 4 மணி நேரத்தில் 4 மடங்கு சென்றதா? இல்லை, 2 மடங்கை ஒட்டியோ அதற்கும் சற்றுக் குறைவாகவோதான் இருக்கும். விரவலில் தொலைவு, நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே வளர்கிறது. மை நீர்த்துப்போவதால் விளிம்பு மங்குவதையும், இரு தட்டுகளுக்கும் உள்ள வேறுபாட்டையும் கவனியுங்கள். இதில் பாக்டீரியா எதையும் வளர்க்க முயலக் கூடாது. அது ஆய்வகத்தில் பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டிய வேலை. மை கலந்த கடற்பாசியைத் தம்பி தங்கையர் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

மணி இப்போது கிழநாய். இதை நான் எழுதும்போது மேசையடியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. அலமாரியிலிருந்த மீந்த மாத்திரைகளை என் மகள் அன்றைக்கே எடுத்துப் போட்டுவிட்டாள். உங்கள் வீட்டு அலமாரியையும் இன்று ஒரு முறை திறந்து பாருங்கள்.